விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை: ஆற்றல் நிலையங்களில் கோளாறும் மனிதத் தவறும்

கேள்வி இதுதான்: மின்நிலையம், துணைமின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு, சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் கருவிக் கோளாறையும் மனிதத் தவறையும் சமாளிக்க என்னென்ன கட்டுப்பாட்டு உத்திகள் உண்டு? எல்லாவற்றையும் தானியங்கி ஆக்கிவிட்டால் மனிதத் தவறு என்ற பிரச்சினையே தீர்ந்துவிடாதா?

இரண்டாவதற்குப் பதில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தீராது. தவறு இடம் மாறும், அவ்வளவுதான். முதல் கேள்விக்குத்தான் நிறையப் பேச வேண்டும். கருவியியல், கட்டுப்பாடு பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்தில் கோளாறு ஒரு அத்தியாயம், மனிதத் தவறு வேறொரு அத்தியாயம். ஆலைக்குள் போனால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. கருவி ஒரு பொய் சொல்லும். அதை நம்பிய ஆபரேட்டர், தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு காரியம் செய்வார். அது தவறாகப் போகும். அறிக்கை எழுதும்போது அதற்கு 'மனிதத் தவறு' என்று பெயர் விழும். அதனால் எந்த உத்தியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆலையின் உண்மை நிலை, முடிவெடுக்க வேண்டியவரிடம் நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா?

இதற்குத் திரீ மைல் ஐலண்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த அந்த அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் ஃபீட்வாட்டர் (நீராவியாக்க நீர் ஊட்டும்) பம்புகள் நின்றன, டர்பைன் டிரிப் ஆனது (பாதுகாப்புக்காகத் தானே நின்றது), உலையின் அழுத்தம் ஏறியது, மேலே இருந்த நிவாரண வால்வு திறந்தது. எல்லாம் வடிவமைத்தபடி. 13 விநாடியில் அழுத்தம் இறங்கியதும் வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல; வால்வை இயக்கும் சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும். 'மூடு' என்று சொல்லியாகிவிட்டது என்பதற்கும் 'மூடிவிட்டது' என்பதற்கும் உள்ள தூரத்தை ஆபரேட்டர்களால் பார்க்க முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தது.

இன்னொரு பக்கம், உலை நீரின் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் தொட்டியான அழுத்தச் சீராக்கியில் நீர்மட்டம் ஏறுவதாகக் காட்டியது. உலைக்குள் நீர் குறைந்து நீராவி சேர்ந்ததால் வந்த போலி ஏற்றம் அது. சீராக்கி முழுக்க நீர் நிறைந்துவிடக் கூடாது என்பது அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். எனவே அவசரகால நீர்செலுத்தலைக் குறைத்தார்கள். கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவு. விளைவு: உலைக்கருவில் பாதியளவு உருகியது. கடைசியில் அடுத்த ஷிஃப்டுக்கு வந்த ஒருவர், புதுக் கண்ணோடு பார்த்து, அதே குழாயில் இருந்த தடுப்பு வால்வை மூடச் சொன்னார்.

இதிலிருந்து வருவதுதான் முதல் உத்தி. கட்டளையைக் காட்டாதே, நிலையைக் காட்டு. வால்வின் தண்டில் லிமிட் சுவிட்ச் (தண்டு கடைசிவரை போனதா என்று காட்டும் சிறு சுவிட்ச்) வைத்து, அது சொல்வதைக் கட்டளையோடு ஒப்பிட வேண்டும். ஒரு வால்வு மூட 15 விநாடி எடுக்கும் என்றால், 20 விநாடி ஆகியும் 'மூடியது' என்ற பதில் வராவிட்டால் முரண்பாட்டு அலாரம் அடிக்க வேண்டும். சின்ன விஷயம், ஆனால் எத்தனையோ பழைய ஆலைகளில் இது இல்லை. சரி, லிமிட் சுவிட்ச் இருந்தால் போதுமா? தண்டு திரும்பியிருக்கும், உள்ளே தட்டு உடைந்து தொங்கிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் பிடித்திருக்கும் பிராக்கெட் தளர்ந்திருக்கும். அதனால்தான் முக்கியமான வால்வுகளுக்கு வேறு வகையான இரண்டாவது சாட்சி ஒன்று வேண்டும்: வால்வுக்குப் பின்னால் உள்ள குழாயின் வெப்பநிலை, ஓட்டம், சத்தம், ஏதாவது. 1994இல் பிரிட்டனின் மில்ஃபர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பிலும் இதே கதைதான். மூடிக் கிடந்த ஒரு கட்டுப்பாட்டு வால்வைத் திரை 'திறந்திருக்கிறது' என்று காட்டியது. திரீ மைல் ஐலண்ட் நடந்து 15 வருடம் கழித்து.

அடுத்தது சென்சார்கள். ஒரு அளவுமானி பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எல்லோரும் உடனே சொல்வது 'மூன்று வை'. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதை ஏற்றுக்கொள்வது, அல்லது மூன்றில் நடுவில் உள்ள மதிப்பை எடுத்துக்கொள்வது. இந்த வாக்கெடுப்பின் அழகு என்னவென்றால், ஒன்று பழுதாகி வீணாக டிரிப் கொடுப்பதும் நடக்காது, ஒன்று செத்துப்போய் பாதுகாப்பு வேலை செய்யாமல் போவதும் நடக்காது. ஒற்றைக் கருவியிலோ இரட்டைக் கருவியிலோ இந்த இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது.

ஆனால் மூன்று கருவிகளும் தனித்தனியாகத்தான் பழுதாகும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது இந்தக் கணக்கு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கொதிகலன் டிரம்மின் நீர்மட்டத்துக்கு மூன்று டிரான்ஸ்மிட்டர்கள். வரைபடத்தில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். நேரில் போய்க் குழாயைப் பின்தொடர்ந்தால் மூன்றும் டிரம்மை ஒட்டிய ஒரே ரூட் வால்விலிருந்து பிரிகின்றன. ஒரு பராமரிப்புக்குப் பிறகு அந்த ரூட் வால்வை முழுதாகத் திறக்காமல் விட்டிருந்தார்கள். மூன்றும் ஒரே அளவைக் காட்டின, துளி வித்தியாசம் இல்லை. முரண்பாடே இல்லாததால் அலாரமும் இல்லை. தற்செயலாக மேலே ஏறிப்போன ஒருவர் கண்ணாடிக் குழாயில் வேறு மட்டத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தார். அன்றைக்குத் தப்பித்தோம். அதற்கப்புறம் 'மூன்று இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள், மின்சாரம் எங்கிருந்து, ஒரே ஆள் ஒரே நாளில் மூன்றையும் காலிபரேட் செய்தாரா என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. கடைசிக் கேள்வி வேண்டாதது போலத் தோன்றும். ஒரே தவறான அளவுகோலை வைத்து மூன்றையும் 'சரிசெய்வது' நடக்கக்கூடியதுதான். அதனால் வேறு வேறு நாளில், வேறு வேறு ஆளை வைத்துச் செய்வது நல்ல வழக்கம்.

பொதுக் காரணத்தால் எல்லாம் சேர்ந்து விழுவதைப் பிடிக்க வாக்கெடுப்பு உதவாது. கணக்கு உதவும். இதைக் கணித வழி ரிடண்டன்சி என்பார்கள், அதாவது கூடுதல் கருவிக்குப் பதில் கணக்கையே இன்னொரு சாட்சியாக வைப்பது. அறிஞர்கள் இதற்கு அப்சர்வர், கால்மன் ஃபில்ட்டர் என்று பெரிய கணித முறைகளை எடுப்பார்கள்; டர்பைன், ஜெனரேட்டர் போன்ற வேகமான இயந்திரங்களுக்கு அவை தேவையும்தான். ஆனால் அடிப்படை எளிமையானது: ஆலை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மாதிரி வைத்துக்கொள், நிஜ அளவை அதிலிருந்து கழி, மிச்சம் பூஜ்யத்தைவிட்டு விலகினால் எங்கோ கோளாறு.

பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, 2005 டிசம்பர் 11. ஒரு தொட்டிக்குப் பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. அதிகாலை 3 மணி வாக்கில் மட்டமானி அப்படியே நின்றுவிட்டது. உள்ளே மணிக்குப் பல நூறு கனமீட்டர் வந்துகொண்டிருக்க, மானியில் கோடு தட்டையாகவே போனது. தொட்டி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, காலை 6 மணி சுமாருக்கு வெடித்தது. 'உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை, மட்டம் மட்டும் ஏறவில்லை' என்ற முரண்பாட்டைப் பிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு நிரல் போதும். அந்த மானி முந்தைய மூன்றரை மாதத்தில் மட்டும் 14 தடவை சிக்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தற்காலிகமாகச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேரைக் கொன்ற விபத்திலும் 170 அடிக் கோபுரம் திரவத்தால் நிரம்பிக்கொண்டிருக்க, மட்டமானி மெல்ல இறங்குவதாகக் காட்டியது. உள்ளே போகும் ஓட்டம் ஒரு திரையில், வெளியே வரும் ஓட்டம் இன்னொரு திரையில். இரண்டையும் அருகருகே வைத்திருந்தால் கண்ணே கழித்துப் பார்த்திருக்கும். அந்த ஆபரேட்டர்களில் சிலர் 29 நாளுக்கு மேல் விடுப்பின்றித் தினம் 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, பிறகு? ஆலையை உடனே நிறுத்துவது எப்போதும் சரியான பதில் அல்ல. மின்நிலையத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு டிரிப்பும் இயந்திரத்துக்கு ஒரு அடி, கிரிட்டுக்கு ஒரு அடி. தரம் குறைந்தாலும் தொடர்ந்து ஓடும்படி கட்டுப்பாட்டை வடிவமைப்பார்கள். கொதிகலன் நீர்மட்டக் கட்டுப்பாடு பொதுவாக மட்டம், நீராவி ஓட்டம், ஃபீட்வாட்டர் ஓட்டம் என்ற மூன்று அளவுகளை வைத்து நடக்கும். நீராவி ஓட்டமானி பழுதானால், மட்டத்தை மட்டும் வைத்து ஓடும் முறைக்குத் துள்ளல் இல்லாமல் தானே மாறிக்கொள்ளும். கொஞ்சம் தள்ளாடும், ஆனால் ஓடும். காற்றாலையில் மூன்று இறக்கைக்கும் தனித்தனித் திருப்பு மோட்டார், தனித்தனி அவசர சேமிப்பு. ஒன்று சிக்கினாலும் மற்ற இரண்டும் காற்றுக்கு விளிம்பைக் காட்டிச் சுழற்சியை நிறுத்திவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. பல கன்ட்ரோலர்கள், அளவு கெட்டுப்போனால் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் தாமே போய்விடும். போவது சரி. ஆபரேட்டர் கவனித்தாரா? ஒரு லூப் (அளவுமானி, கன்ட்ரோலர், வால்வு மூன்றும் சேர்ந்த கட்டுப்பாட்டுச் சுற்று) மேனுவலில் கிடப்பதை யாரும் கவனிக்காமல் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

'ஃபெயில் சேஃப்' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். மின்சாரமோ காற்றழுத்தமோ போனால் கருவி பாதுகாப்பான பக்கம் போய் நிற்க வேண்டும் என்பது கொள்கை. எது பாதுகாப்பான பக்கம்? ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் முதல் உலையில், நீராவியை நீராக்கி, மின்சாரம் இல்லாமலேயே உலையைக் குளிர்விக்கும் ஒரு கண்டென்சர் அமைப்பு இருந்தது. அதன் குழாய் உடைந்தால் கதிரியக்கம் வெளியேறுமே என்று, கட்டுப்பாட்டு மின்சாரம் போனால் அதன் தனிமைப்படுத்தும் வால்வுகள் மூடிக்கொள்ளும்படி வடிவமைத்திருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்து பேட்டரி மின்சாரமும் போனது. கசிவுக்கு எதிரான பாதுகாப்பு, குளிர்விப்புக்கு எதிராக வேலை செய்தது. அது ஓடுகிறதா இல்லையா என்று கட்டுப்பாட்டறையில் இருந்தவர்களுக்கு உறுதியாகத் தெரியவும் இல்லை. அவர்களில் யாரும் அந்த அமைப்பு நிஜமாக ஓடிப் பார்த்ததில்லை.

துணைமின் நிலையத்தில் நிலைமை இன்னும் வேறு. ஆலையின் டிரிப் சுற்றுகள் பெரும்பாலும் மின்சாரம் போனால் டிரிப் ஆகும். பழுது வந்தால் பாதையைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரோ மின்சாரம் வந்தால்தான் டிரிப் ஆகும். பேட்டரி செத்தால் பிரேக்கர் வாயைத் திறக்காது. அதனால்தான் இரண்டு டிரிப் காயில் (பிரேக்கரைத் திறக்கவைக்கும் மின்சுருள்), இரண்டு பேட்டரி, டிரிப் சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கண்காணிப்பு ரிலே. முதன்மைப் பாதுகாப்பு இரண்டையும் வேறு வேறு தயாரிப்பாளரிடம் வாங்குவதும் இதற்காகத்தான். ஒரே மென்பொருள் பிழை இரண்டையும் கவிழ்க்கக் கூடாது. அப்படியும் பிரேக்கர் திறக்காவிட்டால், ஒரு விநாடியில் சில பங்கு காத்திருந்துவிட்டுச் சுற்றியுள்ள பிரேக்கர்களை எல்லாம் திறக்கச் சொல்லும் பிரேக்கர் ஃபெயிலியர் பாதுகாப்பு.

பழுதைக் கண்டு பிரேக்கருக்கு உத்தரவு தரும் பாதுகாப்பு ரிலே, கோளாறு இல்லாத இடத்தில் கோளாறைப் பார்ப்பதும் உண்டு. 2012 ஜூலை 30 அன்று இந்தியாவின் வடக்கு கிரிட் விழுந்தபோது தொடக்கமாக இருந்த பினா-குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் ஷார்ட் சர்க்யூட் எதுவும் இல்லை. சுமை அளவுக்கு மீறிப் போனதில் மின்னழுத்தம் குறைந்து, தூர ரிலேயின் (பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கும் ரிலே) மூன்றாம் மண்டலம், அதாவது மிகத் தொலைவு வரை பார்க்கும் பகுதி, அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு பாதையைத் துண்டித்தது. சுமார் 36,000 மெகாவாட் சுமை பாதிக்கப்பட்டது. மறுநாளே மறுபடியும், இம்முறை மூன்று கிரிட்கள், சுமார் 48,000 மெகாவாட். ரிலே தனக்குச் சொன்னபடி சரியாகத்தான் வேலை செய்தது. அமைப்பு எண்களை நிர்ணயித்தது மனிதர்கள். சுமையைக் குறைக்கச் சொன்ன உத்தரவுகள் போதிய அளவு நிறைவேறாததும் மனிதர்களால்தான். இதைக் கோளாறு என்பதா, தவறு என்பதா?

பாதுகாப்பு அமைப்பைச் சோதிப்பது பற்றி ஒரே ஒரு கணக்கு. ஒரு டிரிப் சுவிட்ச் வெளியே தெரியாமல் செத்துப்போகும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.02 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால், தேவைப்படும் நேரத்தில் அது வேலை செய்யாதிருக்கும் வாய்ப்பு சராசரியாக 0.02-ஐச் சோதனை இடைவெளியால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைப்பது: 0.01. 'இந்த வருடம் ஷட்டவுன் இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மூன்று வருடம் தள்ளினால் 0.03. கருவி அதேதான், ஆனால் பாதுகாப்பு மூன்றில் ஒன்றாகிவிட்டது. பன்ஸ்ஃபீல்டில் இன்னும் கொடுமை. அங்கே தனியாக ஒரு உச்சமட்ட சுவிட்ச் இருந்தது. அதைச் சோதிக்க ஒரு நெம்புகோல் உண்டு. சோதித்த பின் அதை வேலைநிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு போட வேண்டும். பூட்டு எதற்கு என்று பொருத்தியவர்களுக்கும் பயன்படுத்தியவர்களுக்கும் விளங்கவில்லை, போடவில்லை. ஒரு பூட்டு இல்லாததால் கடைசி அரணும் வேலை செய்யவில்லை.

இனி மனிதர். 'கவனமாக இருக்கவும்' என்ற சுற்றறிக்கை எதையும் தடுத்ததில்லை. தவறுகளில் வகை உண்டு, மருந்தும் அதற்கேற்ப மாறும். கை தவறுவது ஒன்று: இந்த பிரேக்கருக்குப் பதில் பக்கத்து பிரேக்கர். மறந்துவிடுவது இன்னொன்று. நிலைமையைத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்தத் தவறான புரிதலுக்கு ஏற்ற செயலைச் சரியாகச் செய்வது மூன்றாவது. திரீ மைல் ஐலண்டில் நடந்தது அதுதான். தெரிந்தே விதியை மீறுவது நான்காவது.

கை தவறுவதற்கு இன்டர்லாக்தான், அதாவது வரிசை தப்பினால் நகரவிடாத பூட்டமைப்புதான், மருந்து. ஐசொலேட்டர் என்பது பராமரிப்புக்காகப் பாதையைப் பிரித்துவைக்கும் சுவிட்ச், அதனால் சுமையைத் துண்டிக்க முடியாது. சுமையோடு இழுத்தால் வில்போல மின்பொறி வெடிக்கும். அதனால் பிரேக்கர் திறந்திருந்தால் மட்டுமே ஐசொலேட்டர் நகரும், ஐசொலேட்டர் திறந்திருந்தால் மட்டுமே பாதையைத் தரையோடு இணைக்கும் எர்த் சுவிட்ச் மூடும் என்று வரிசையை இரும்பிலேயே எழுதிவிடுவார்கள். சாவி முறை இன்னும் எளிது: பிரேக்கரைத் திறந்தால்தான் சாவி வெளியே வரும், அந்தச் சாவி போட்டால்தான் ஐசொலேட்டர் திறக்கும். மறதி, அவசரம், தூக்கம் எதுவும் அந்தச் சாவியிடம் செல்லாது. திரையிலிருந்து இயக்கும்போது, தேர்ந்தெடு, எதைத் தேர்ந்தெடுத்தாய் என்று அமைப்பு திருப்பிக் காட்டட்டும், பிறகு இயக்கு என்ற இரண்டு படி. போனில் உத்தரவு வாங்கினால் திருப்பிச் சொல்ல வேண்டும், உத்தரவு கொடுத்தவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் கை நகர வேண்டும். 15, 50 போலக் காதில் குழம்பும் எண்கள் இங்கேதான் பிடிபடும்.

பேனலின் முன்பக்கம் பெயர்ப்பலகை இருந்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை பின்பக்கத்தில் நடக்கும். முன்னால் இடமிருந்து மூன்றாவது என்று எண்ணிவிட்டுப் பின்னால் சுற்றிப் போனவர், அங்கேயும் இடமிருந்து மூன்றாவதைத் திறப்பார். பின்னாலும், கழற்றும் கதவில் இல்லாமல் சட்டத்திலேயே, பெயர் எழுதியிருக்க வேண்டும். கதவு இடம் மாறிவிடும், சட்டம் மாறாது.

மறதியின் மிகக் கொடிய வடிவம் ஷிஃப்ட் மாறும்போது நடக்கும். 1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு கண்டென்சேட் (வாயுவிலிருந்து பிரியும் எண்ணெய்த் திரவம்) பம்பின் நிவாரண வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு தகட்டைப் பொருத்தியிருந்தார்கள். அது கசிவு தாங்கும்படி இறுக்கப்படவில்லை. வேலை முடியவில்லை என்ற செய்தி அடுத்த ஷிஃப்டுக்குப் போகவில்லை. இரவில் மற்ற பம்ப் நின்றதும், பழுதுபார்ப்பில் இருந்த பம்பை இயக்கினார்கள். தண்ணீருக்கடியில் முக்குளிப்பவர்கள் வேலை செய்வதால் தீயணைப்பு பம்புகளையும் மேனுவலில் வைத்திருந்தார்கள். 167 பேர் இறந்தார்கள். வேலைக்கு அனுமதி தரும் பர்மிட் என்ற காகிதம் இருந்தது. ஆனால் பம்பை ஸ்டார்ட் செய்யும் பட்டனுக்கும் அந்தக் காகிதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பர்மிட்டைப் பூட்டோடு கட்டுவது இதற்காகத்தான்: வேலை செய்பவர் தன் பூட்டைத் தானே பிரேக்கரில் போடுவார், தன் சாவியைத் தானே வைத்திருப்பார், அந்தப் பூட்டு இருக்கும்வரை யாராலும் இயக்க முடியாது. காகிதம் படிக்கப்படாமல் போகலாம். பூட்டு கையில் தட்டுப்படும்.

விதி மீறலுக்குத் தண்டனைதான் மருந்து என்று நினைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பத்தில் எட்டுப் பேர் மீறுகிறார்கள் என்றால் கோளாறு விதியில் இருக்கிறது. வீணாக அடிக்கடி டிரிப் கொடுக்கும் இன்டர்லாக்கை பைபாஸ் செய்யாத (தற்காலிகமாக வேலை செய்யவிடாமல் வைக்காத) ஆலையை நான் பார்த்ததில்லை. தண்டித்தால் பைபாஸ் நிற்காது, பைபாஸ் பதிவேட்டில் எழுதுவதுதான் நிற்கும். வீண் டிரிப்பின் காரணத்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை பைபாஸுக்கு நேர வரம்பு வையுங்கள், நேரம் முடிந்ததும் அது மறுபடி அடிக்கட்டும்.

நேர வரம்பு ஏன் என்றால் 2003 ஆகஸ்ட் 14ஐப் பாருங்கள். வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போன நாள். பிராந்திய ஒருங்கிணைப்பு மையத்தில், கிரிட்டின் நிலையைக் கணிக்கும் மென்பொருள் தவறான விடை தந்ததால் ஒரு பொறியாளர் அது தானாக ஓடுவதை நிறுத்திவைத்துச் சரிசெய்தார். சரிசெய்த பின் மறுபடி தானியங்கியில் போட மறந்து சாப்பிடப் போய்விட்டார். உங்களுக்கும் எனக்கும் நடக்கக்கூடியதுதான். அதே நாள் பிற்பகல் 2:14 மணிக்கு ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டறையில் அலாரம் மென்பொருள் தனக்குள் முடங்கியது. அலாரம் எதுவும் வரவில்லை. எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று ஆபரேட்டர்கள் நினைத்தார்கள். மரத்தில் தொட்டுப் பாதைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மற்ற இடங்களிலிருந்து போன் வந்தபோதும், தங்கள் திரையில் ஒன்றும் இல்லையே என்று நம்ப மறுத்தார்கள். அலாரம் அமைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இதயத்துடிப்பு மாதிரிச் சில விநாடிக்கு ஒருமுறை இன்னொரு அமைப்பு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் திரையே நிறம் மாற வேண்டும்.

எதிர்ப்பக்கம், அலாரம் வெள்ளம். மில்ஃபர்ட் ஹேவனில் வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம். திரீ மைல் ஐலண்டில் முதல் சில நிமிடத்திலேயே நூற்றுக்கு மேல். அலாரங்களை அச்சடித்த இயந்திரம் ஒரு கட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. துறையில் ஏற்றுக்கொண்ட அளவு, இயல்பான ஓட்டத்தில் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சராசரியாக ஒரு அலாரம். எதற்கு ஆபரேட்டர் ஏதாவது செய்ய வேண்டுமோ அது மட்டும்தான் அலாரம். மற்றதெல்லாம் செய்தி, பதிவேட்டில் கிடக்கட்டும். நிறுத்திவைத்த பம்புக்கு 'அழுத்தம் குறைவு' என்று அலாரம் எதற்கு? டிரிப்புக்குப் பிறகு முதலில் எது அடித்தது என்று தனியாகக் காட்டுங்கள், மிச்சம் விளைவுகள்தான். எல்லாம் நன்றாகவே இருந்தாலும், அலாரத்தைப் பார்த்து மனிதர் சரியாகச் செயல்படுவார் என்பதற்கு அபாயக் கணக்கில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்காக அபாயத்தைக் குறைக்கும் மதிப்பு மட்டும்தான் தருவார்கள். அதுவும் போதிய அவகாசம் இருந்தால்.

அந்த அவகாசமே ஒரு உத்திதான். ஜெர்மனியின் அணுமின் நிலைய விதிகளில், விபத்து தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்கு ஆபரேட்டரின் எந்தச் செயலையும் நம்பாமல் பாதுகாப்பு தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வடிவமைப்புக் கொள்கையாக இருந்தது. அந்த அரைமணி நேரம் மனிதர் யோசிக்க.

இப்போது தானியங்கி பற்றிய உங்கள் கேள்விக்கு வரலாம். தானியங்கி கோளாறை மறைக்கும், அதுதான் எனக்கு அதனுடன் உள்ள வழக்கு. ஒரு தொட்டி மட்டத்தைக் கன்ட்ரோலர் 50 சதவீதத்தில் அழகாகப் பிடித்துவைத்திருக்கிறது. எங்கோ சிறு கசிவு. வால்வு 40 சதவீதத்திலிருந்து 60, 75, 90 என்று திறந்துகொண்டே போகிறது. திரையில் மட்டம் அசையவில்லை. வால்வு முழுதும் திறந்த பிறகு கன்ட்ரோலருக்குச் செய்ய ஒன்றுமில்லை. மட்டம் சரசரவென்று இறங்கும். மணிக்கணக்காக வளர்ந்த பிரச்சினை, அதன் மோசமான நிலையில், ஒரு நிமிட அவகாசத்தோடு ஆபரேட்டர் கையில் விழும். அதனால் அளவுக்கு மட்டுமல்ல, வால்வு திறப்புக்கும் அலாரம் வையுங்கள். புது ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது, அளவைப் பார்க்காதே, கன்ட்ரோலர் அதைப் பிடித்துவைக்க எவ்வளவு பாடுபடுகிறது என்று பார்.

இதை 1983லேயே லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் கூர்மையாகச் சொல்லிவிட்டார்: எளிதானதையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாததை மட்டும் மனிதரிடம் விடுகிறோம், அதுவும் அவர் பழக்கம் விட்டுப்போன நிலையில். சிமுலேட்டர் பயிற்சி அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றத்தான். அப்புறம், தானியங்கியை எழுதியவர், சோதித்தவர், எண்களை அமைத்தவர் எல்லாம் மனிதர்கள்தானே? தவறு கட்டுப்பாட்டறையிலிருந்து வடிவமைப்பு அறைக்குக் குடிபெயர்கிறது. கட்டுப்பாட்டறையில் செய்த தவறு ஐந்து நிமிடத்தில் தெரியும். வடிவமைப்பு அறையில் செய்தது பத்து வருடம் தூங்கும்.

செர்னோபில் அணு உலை விபத்து பற்றி 1986இல் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு தந்த முதல் அறிக்கை பெரும்பழியை ஆபரேட்டர்கள் மேல் போட்டது. 1992இல் அதே குழு அதைத் திருத்தி, உலையின் வடிவமைப்புக்கே அதிக எடை கொடுத்தது. உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும், கட்டுப்பாட்டுத் தண்டுகளின் கிராஃபைட் நுனி முதல் சில விநாடிக்கு வினையைக் கூட்டியது. இந்தக் குணம் 1983லேயே வேறொரு நிலையத்தில் தெரிந்திருந்தது. செர்னோபில் ஆபரேட்டர்களிடம் யாரும் சொல்லவில்லை. திரீ மைல் ஐலண்டுக்கு 18 மாதம் முன்பு, 1977 செப்டம்பரில், ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் அதே வகை வால்வு அதே மாதிரிச் சிக்கியது, அங்கும் ஆபரேட்டர்கள் நீர்செலுத்தலைக் குறைத்தார்கள். உலை குறைந்த சக்தியில் ஓடியதாலும், இருபது நிமிடம் சுமாரில் கண்டுபிடித்ததாலும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் செய்தியும் மற்ற நிலையங்களுக்குப் போகவில்லை. தப்பித்த சம்பவங்களைத் தண்டனைப் பயமில்லாமல் எழுதவைப்பதையும் நான் கட்டுப்பாட்டு உத்தி என்றே கணக்கிடுவேன். ஃபீட்பேக் இல்லாத லூப் லூப்பே அல்ல.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ஒரு நாள் காலையில் கட்டுப்பாட்டறைக்குப் போய் நான்கு பட்டியல் கேளுங்கள்: இப்போது பைபாஸில் இருப்பவை, ஒரு நாளுக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்கும் அலாரங்கள், மேனுவலில் கிடக்கும் லூப்கள், சோதனைத் தேதி தாண்டிய டிரிப் சுற்றுகள். பட்டியல் தயாராக இல்லை என்றால் அதுவே முதல் பதில். பிறகு பேனல் ஓரமாக ஒருமுறை நடந்து, பராமரிப்பு அட்டைகள் எங்கே தொங்குகின்றன என்று பாருங்கள். திரீ மைல் ஐலண்டில் அன்று காலை துணை ஃபீட்வாட்டர் வால்வுகள் இரண்டும் மூடிக் கிடந்ததை எட்டு நிமிடம் யாரும் கவனிக்கவில்லை. அவற்றுக்கான இரண்டு விளக்குகளில் ஒன்றை ஒரு அட்டை மறைத்துக்கொண்டிருந்தது.